வாலில் ஒரு புள்ளி

— இன்னும் வாலைப் புடிச்சுக்கிட்டுதான் வர்றான் மாப்ள. நான் இடப்பக்கம் திரும்பினா அவனும் இடப்பக்கம்.

— ஒயரம்?

— நம்ம ஒயரந்தான். ஃபோனப் பாரு, நம்ம முதுகு மேலயே ஒரு புள்ளி. பொழப்பத்த பய.

— கழுத்து சுளுக்கற அளவுக்குத் திரும்பிப் பாத்துட்டேன் மாமா. பின்னாடி வெறும் ஆகாசந்தான் இருக்கு.

— கண்ணுல படாதவனக் காட்டத்தானே இந்தப் பெட்டி. ஜன்னல்ல இதோட ரப்பர் கப்ப அமுக்கி ஒட்டினா போதும், சுத்தி பறக்கற ப்ளேன் அத்தனையும் புள்ளி புள்ளியா ஃபோன்ல வந்துடும்.

— எப்ப வாங்கினீங்க?

— வாங்கறதாவது? காலைல உங்கக்காவோட மஞ்சள் ப்ளேன்லேர்ந்து புடுங்கிட்டு வந்தேன்.

— சொல்லிட்டா?

— சொன்னா குடுத்துட்டுதான் மறுவேல பாப்பா. அதான் ரேடியோவையும் கொறச்சு வச்சிருக்கேன். தரையில திட்டு வாங்கறது பத்தாதா, வானத்துல வேறயா?

— வயலுக்கு மருந்தடிச்சிட்டு அக்காவும் இந்நேரம் எறங்க வரணுமே.

— கெளம்பியே இருக்க மாட்டா. ஸ்க்ரீன்ல மஞ்சள் ப்ளேனக் காணோம் பாரு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஷெட்லயே உக்காந்திருப்பா. நாம எறங்குவோம். அடப்பாவி, அவனும் எறங்குறான்.

— மாமா, வலப்பக்கம் திருப்புங்க. ம். இப்ப இடப்பக்கம். சரி, போதும். அவன் எவனும் இல்ல. நாமதான்.

— என்ன ஒளர்ற?

— ஸ்பேனர் புடிக்கறவன் சொல்றேன், கேளுங்க. இதுக்குள்ள ஒரு ப்ளேனோட நம்பரப் போட்டு வைக்கணும். அந்த ப்ளேன மட்டும் ‘இது நாம’ன்னு நெனச்சு காட்டாது. நீங்க நம்ம நம்பரப் போடல. அதான் நம்மளயே வேத்தாளா காட்டுது.

— அப்ப இவ்வளவு நேரமும் எனக்குப் பயந்து நானேவா ஓடினேன்? வெளிய மூச்சு விட்டுடாத மாப்ள.

— அது கெடக்கட்டும். இது காட்டாம வச்சிருக்கறது யாரோட ப்ளேன்?

— யாரோடதுன்னா... பெட்டி உங்கக்காவோடதாச்சே.

— ரேடியோவக் கூட்டுங்க மாமா.

— கூட்டியாச்சு. ஐயோ, அவ குரல்தான்.

— எத்தன தடவ கத்தறது? என்னங்க, பெட்டித் திருடரே, ஒங்களத்தான். நான் மேல ஏறிக்கறேன், நீங்க மொதல்ல எறங்குங்க. அந்த ஃபோன விட்டுட்டு ஒரு தடவ நிமிந்தும் பாருங்க. ஒங்க மண்டைக்கு நேரா மஞ்சளா தெரியுதே, அது சூரியன் இல்ல.