நீலுதாவைப் பார்க்க வந்தவர்கள்

— தள்றது நான் இல்லம்மா. பின்னால இருக்கறவங்க.

— பரவால்ல அங்கிள்... ஆமா, நான் தமிழ்னு எப்படித் தெரிஞ்சது?

— இப்பதானே போன்ல பேசினே.

— என்ன பேசினேன்?

— "சரி, நான் பாத்துக்கறேன்"னு. அதுக்கு மேல இந்தக் கூட்டத்துல என்ன காதுல விழும்?

— ம்... ஒரு ஃப்ரெண்டு.

— பேர் என்னம்மா?

— மதுவந்தி. பவானிபூர்லயே பொறந்து வளர்ந்தவ. என் தமிழ் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், சிரிக்காதீங்க.

— நல்லாத்தான் பேசறே. நான் வாஞ்சிநாதன். போர்ட் ட்ரஸ்ட்ல வேலை பாத்தேன். ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு. வீடு லேக் மார்க்கெட் பக்கம்.

— ஓ...

— என்ன, ஓ?

— ஒண்ணுமில்ல. பக்கந்தானேன்னு.

— உடம்பை ரவீந்திர சதன் ஹால்ல கொண்டு வந்து வெச்சிருக்காங்கன்னு டிவில சொன்னாங்க. ஒரு நூறு பேர் வருவாங்கன்னு நெனச்சேன். இது மெட்ரோ வாசல் வரைக்கும் போகுது.

— அவருக்கு வராம வேற யாருக்கு வரும் அங்கிள்?

— ஒரு பாட்டுக்காரனுக்கு இவ்வளவு பேர்...

— உங்களுக்கு நீலாத்ரி சோம். எங்களுக்கு நீலுதா.

— வங்காளில 'தா'ன்னா அண்ணன்.

— ஆமா. இந்த வரிசைல நிக்கற அத்தனை பேருக்கும் அண்ணன்.

— கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கே. தூங்கலையா?

— முந்தாநேத்து நியூஸ் வந்தப்ப ஆபீஸ்ல இருந்தேன். அப்படியே எழுந்து பாத்ரூமுக்குப் போயிட்டேன். வெளில வந்தா பக்கத்து சீட்டு அக்கா கேக்கறாங்க, "உனக்கு என்ன உறவு"ன்னு.

— என்ன சொன்னே?

— தலைவலின்னு சொல்லி லீவு போட்டேன். வேற என்ன சொல்றது? அம்மா செத்தா மூணு நாள் லீவு உண்டு. இதுக்கு என்ன பேர் எழுதறது?

— அவரோட பேசியிருக்கியா?

— ஒரு தடவைகூட இல்ல. பக்கத்துல பாத்தது ரெண்டே தடவை. ஆனா பதினேழு வருஷமா என் காதுக்குள்ளயே இருந்த மனுஷன். பரீட்சைல ஃபெயில் ஆனப்ப, அப்பாவுக்கு சம்பளம் நின்னப்ப... எதுவானாலும் அவர் பாட்டைப் போட்டுட்டு மொட்டை மாடில உக்காந்துடுவேன்.

— பாட்டெல்லாம் அப்படியே இருக்கேம்மா. போன்லயே இருக்கு. அது எங்கயும் போகலையே.

— எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.

— தப்பா சொல்லிட்டேனா?

— இல்ல அங்கிள்... பழசெல்லாம் இருக்கு. ஆனா அவர் இனிமே எதையும் முதல் தடவையா பாட மாட்டார் இல்ல? புதுப் பாட்டு வரும்போதெல்லாம் எனக்குன்னு யாரோ லெட்டர் போட்ட மாதிரி இருக்கும். இனிமே தபால் கெடையாது. அதை நெனச்சாதான்...

— இந்தா, தண்ணி குடி.

— வேணாம், நீங்க வெச்சுக்குங்க. ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?

— கேளு.

— நீங்க நீலுதா ரசிகரா? பாத்தா அப்படித் தெரியல.

— எப்படித் தெரியறேன்?

— கரண்ட் பில் கட்ட வந்த மாதிரி. மஞ்சப் பை, குடை, தண்ணி பாட்டில்...

— ரசிகன்னா எப்படி வரணும்? தாடியா?

— தாடி இருந்தா நல்லாத்தான் இருக்கும். சரி, ஒரு பாட்டு சொல்லுங்க பாப்போம்.

— பரீட்சையா... டிராம் பாட்டு. கடைசி டிராம்ல ஒரே ஒரு ஆள் உக்காந்திருப்பான். கண்டக்டர் கிட்ட வந்துட்டு, டிக்கெட் கேக்காம திரும்பிப் போயிடுவான்.

— அங்கிள்... அது முதல் சிடில வந்தது. அப்ப அவரை இருநூறு பேருக்குக்கூடத் தெரியாது. அது எப்படி உங்களுக்கு...

— வீட்டுல ஒரு ரூம் நெறைய அவர் சிடிதான். சாயங்காலம் எனக்கும் வேற வேலை இல்ல. ஒவ்வொண்ணா போட்டுக் கேப்பேன். முந்தாநேத்து நியூஸ் கேட்டுட்டு உக்காந்தவன்தான், காபி ஆறிப்போச்சு. யாருக்காவது போன் பண்ணணும் போல இருந்தது. யாருக்குப் பண்றது?

— முட்டி வலிக்குதா? அந்தத் திட்டுல கொஞ்சம் உக்காருங்க, நான் இடம் பாத்துக்கறேன்.

— முட்டி வலின்னு நான் சொல்லலையே.

— இல்ல... நீங்க நிக்கறதைப் பாத்தா தெரியுது.

— ம். தெரியும் தெரியும்.

— முன்னால யாரோ பாட ஆரம்பிச்சுட்டாங்க. கேக்குதா?

— கேக்குது. நீ பாடலையா?

— இன்னிக்கு வேணாம். அங்கிள், அந்த ரூம் யாரோடது?

— என் பையன் ரூம். ரஞ்சன்னு பேர். கேக்கறியா?

— கேக்கறேன். சொல்லுங்க.

— காலேஜ் நாள்லேருந்தே அவனுக்கு நீலாத்ரிப் பைத்தியம். எந்த ஊர்ல கச்சேரி நடந்தாலும் போவான். ஆறு வருஷம் முன்னாடி அவன் அம்மா ஆஸ்பத்திரில கெடந்தா. மூணு வாரம். அப்ப சிலிகுரில கச்சேரி. போனான். மறுநாள் காலைல இவன் ரயில்ல வந்துட்டிருக்கான், அவ போயிட்டா. அவனை வீட்டுக்குள்ள விடல நான். வாசல்லயே நிறுத்தி, "அந்தப் பாட்டுக்காரன் சாவான்ல, அன்னிக்கு அங்க போய் அழு. இங்க அழாதே"ன்னுட்டேன். சுத்தி சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க. காரியம் முடிஞ்ச பதிமூணாம் நாள் பையைத் தூக்கிட்டுப் போனான். அவ்வளவுதான்.

— ஆனா அவங்கதானே போகச் சொன்னாங்க...

— யாரு?

— இல்ல... அவங்க அம்மாவே போகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? அப்படி இருக்குமோன்னு கேட்டேன்.

— அவதான் சொன்னா. என் எதிர்லயேதான் சொன்னா. "மூணு வாரமா இந்த மருந்து நாத்தத்துலயே கெடக்கான், ஒரு நாள் போயிட்டு வரட்டும்"னு.

— தெரிஞ்சுமா அப்படிப் பேசினீங்க?

— அன்னிக்கு எனக்கு யாரையாவது திட்டணும் போல இருந்தது. டாக்டரைத் திட்ட முடியாது. செத்தவளைத் திட்ட முடியாது. வாசல்ல வந்து நின்னது அவன்.

— இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே அங்கிள்.

— நம்பரை மாத்திட்டான்.

— யார்கிட்டயாவது கேட்டா கெடைச்சிருக்கும்.

— கெடைச்சிருக்கும். கேக்கல. அப்பன்னு சொல்லிக்கிட்டு நம்பர் கேக்க வெக்கமா இருந்தது. முதல் வருஷம் கேக்காம விட்டுட்டா, அடுத்த வருஷம் இன்னும் கஷ்டம்... நகருதும்மா, முன்னால போ.

— என்னமோ மைக்ல சொல்றாங்க.

— நாலு மணிக்கு எடுத்துடுவாங்களாம். மூணே முக்காலுக்கு கேட்டை மூடிடுவாங்களாம். அப்புறம் நேரா கேவ்ராதலா சுடுகாடுதான்.

— மூணு இருபது ஆயிடுச்சே...

— என்ன, அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்கறே?

— சும்மாதான். அங்கிள், உங்க பையன் வருவார்னுதான் இன்னிக்கு வந்தீங்களா?

— நீலாத்ரி முகத்தைக் கடைசியா பாக்க அவன் வராம இருப்பானா? காலைல பத்து மணிக்கே வந்துட்டேன். எதிர்ல மரத்தடில நின்னு ஒவ்வொரு முகமா பாத்துட்டிருந்தேன்.

— ஒருவேளை அவர் வந்து... உங்களைப் பாத்துட்டு... திரும்பிப் போயிருந்தா?

— போயிருந்தா அது என் வாய் செஞ்ச வேலை.

— அங்கிள், நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்.

— ம்.

— எனக்கு ரஞ்சனைத் தெரியும். நாலு வருஷமா தெரியும். வர்ற தை மாசம் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம். இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். உங்களைப் பாத்ததும் பூவை என் கையில திணிச்சான். என்னை நிக்கச் சொல்லிட்டுப் போயிட்டான். அப்புறம் நீங்க என் பின்னாடி வந்து நிக்கறதைப் பாத்துட்டு போன் பண்ணினான். "அப்பாவுக்கு முட்டி சரியில்ல, ரொம்ப நேரம் நிக்க விடாதே"ன்னு. அதுக்குத்தான் "நான் பாத்துக்கறேன்"னேன். மன்னிச்சுடுங்க. அவன் இன்னும் எதிர் சந்துலதான் நிக்கறான்.

— தெரியும்மா. நீலச் சட்டை, ரொம்ப இளைச்சுட்டான். உன் கையில பூவைக் குடுத்துட்டு ரோட்டைத் தாண்டிப் போனதைப் பாத்துட்டுத்தான், பின்னால இருந்த தம்பிகிட்ட வயசானவன்னு கெஞ்சி இங்க வந்து நின்னேன். அவன் இடத்துல வேற யாரும் நுழைஞ்சிடக் கூடாது பாரு. இப்ப போன் போட்டு வரச் சொல்லு, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நான் அந்தப் பக்கமா நடந்து மெட்ரோவுக்குப் போயிடறேன். அப்பா போயாச்சுன்னு சொல்லு, அப்பதான் வருவான். வந்தா நல்லா அழச் சொல்லும்மா.