பரங்கியின் அடியில் ஒரு விரிசல்

அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், கிளைட். இந்த ஏரித் தண்ணீர் அக்டோபரில் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆரஞ்சுச் சட்டையை நாற்காலியில் விரித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். பரங்கி வேஷத்துக்குத் தலையில் மாட்டிய அந்தப் பச்சைக் காம்பையும் கழற்றிவிடுங்கள். முதல் பரிசு வாங்கிய என் ராட்சதப் பரங்கிக்காயை வழக்கம்போலக் குடைந்து படகாக்கி, திருவிழாக் குழுத் தலைவரான நீங்களே அதில் ஏறி, ஊர் பார்க்க இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கியதற்கு வருந்துகிறேன். நான் சிரித்தேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான்.

நீங்கள் கேட்க வந்தது விரிசலைப் பற்றி. உள்ளறை வரை போகும் விரிசல் இருந்தால் காயைத் தராசில் ஏற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். என் கணவர் லோர்ன் ரஃபூஸோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது? சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் நியாயம் புரியும். கான்ஸ்டபிளும் உட்காரட்டும். ஒரு பரங்கிக்காய்க்குப் போலீஸ் எதற்கு என்று தெரியவில்லை, இருந்தாலும் காபி இருக்கிறது.

என் கணவரின் காய்களை நீங்கள் வருடா வருடம் தராசில் பார்த்திருக்கிறீர்கள். கடற்கரையிலிருந்து கடற்பாசி சுமந்து வந்து உரம் போட்டது நான். வெயிலுக்குத் துணி கட்டியதும், குளிருக்குக் கம்பளி போர்த்தியதும் நான். எங்கள் கட்டிலில் இருந்ததைவிட நல்ல கம்பளி அது. ஒலிபெருக்கியில் மட்டும் லோர்ன் பெயரைச் சொல்வார்கள். நான் கூட்டத்தில் நின்று கை தட்டுவேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. அவ்வளவு அசடு நான்.

இந்த வசந்தத்தில்தான் வாய் திறந்து கேட்டேன்.

"எனக்கும் ஒரு கொடி வேணும், லோர்ன். ஒண்ணே ஒண்ணு."

"உனக்கு எதுக்கு வெல்டா? உன் கையில வளர்றதெல்லாம் சூப்புக்குத்தான் லாயக்கு."

"விதை குடுத்தா போதும். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"சரி, கொட்டகை ஓரத்தை எடுத்துக்க. அந்த நிழல்ல என்னதான் முளைக்குதுன்னு பாப்போம். அப்புறம் அழக் கூடாது, ஆமா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் விதையை வாங்கிக்கொண்டேன், நன்றி என்று வேறு சொன்னேன்.

கொடி வந்தது. முதலில் வந்த பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஜூலையில், காய் பெரிதாவதற்குத் தோதான இடத்தில், ஒரே ஒரு பெண் பூ மிஞ்சியது. உங்களுக்கே தெரியும், அது ஒரு காலைதான் திறந்திருக்கும். வெயில் ஏறினால் வாடிவிடும். ஊரில் இருக்கிற சின்னப் பரங்கி மகரந்தத்தையெல்லாம் தேனீ கொண்டுவந்து கொட்டாமலிருக்க, முந்தின மாலையே அதன் வாயை நூலால் கட்டிவைத்தேன். விடிந்ததும் நூலை அவிழ்த்து, ஆண் பூக்களின் இதழ்களைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தை உள்ளே தடவ வேண்டும். இந்தப் பாடமெல்லாம் லோர்ன் கற்றுக்கொடுத்ததுதான். "வீடே தீப்பிடிச்சாலும் பூவை முடிச்சிட்டுத்தான் வாளியத் தேடணும்" என்பார் அவர். இதை நீங்கள் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலை காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்க்க வந்தார். என் கையில் இருந்த ஆண் பூக்களைப் பார்த்து, "என்ன வெல்டா, மாப்பிள்ளைங்க வந்தாச்சா? பொண்ணு ஒத்துக்கிட்டாளா?" என்று சிரித்தார். நான் நூலை அவிழ்த்தேன். பின்னால் கோப்பை விழுந்த சத்தம் கேட்டது.

திரும்பியபோது கொடிகளுக்கு நடுவில் கிடந்தார். முகம் மாவு நிறத்தில் இருந்தது.

"நெஞ்சு... வெல்டா... போன் பண்ணு."

"இதோ, ஒரு நிமிஷம்" என்றேன். எந்த மனைவியும் சொல்வதுதான்.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். பூ திறந்தாகிவிட்டது. ஒரு தேனீ சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி நூல் கட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டலாம், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் பூ போய்விடும். லோர்ன் கையைத் தூக்கி வீட்டுப் பக்கம் காட்டினார். போன் வீட்டில்தான் இருந்தது. ஆனால் அவர் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் என் பூவும் அதே திசைதான். முதலில் அதை முடி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவசரப்பட்டால் காய் கோணலாக வளரும். அதனால் ஒரு மடிப்பு விடாமல் தடவினேன். பூவின் வாயை மறுபடி கட்டினேன். அவருடைய கால் ஒரு இளங்கொடியின் மேல் கிடந்தது, அதை மெதுவாக நகர்த்தி வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை செய்வதை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பிறகு உள்ளே போய், விரலில் ஒட்டிய மகரந்தத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, போன் செய்தேன்.

"கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் டாக்டர்.

"தோட்டத்துல இருந்தேன் டாக்டர்" என்றேன். பாவம், என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடக்கத்தன்று, பாட்டின் நடுவே தேவாலயத்தை விட்டு ஓடினேனே, ஞாபகம் இருக்கிறதா? அழப் போகிறேன் என்று நினைத்து நீங்கள்கூடக் கைக்குட்டை கொடுத்தீர்கள். வெயில் ஏறிவிட்டது, கிளைட். கறுப்புக் கவுனோடு ஒரு பிஞ்சுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே சிரித்திருப்பார்கள். அடுத்த வாரம் லோர்னின் கொடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். அவற்றைப் பார்க்கத் தாங்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. எனக்குத் தண்ணீரைப் பங்கு போடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

காய் அப்படி வளர்ந்தது. நேற்று அதைத் தராசில் இறக்கி, ஒலிபெருக்கியில் "வெல்டா ரஃபூஸ்" என்று நீங்கள் சொன்னபோது, பரங்கி வேஷம் போட்ட குழந்தைகளெல்லாம் குதித்தார்கள். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கான்ஸ்டபிள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்? நீங்கள் கேட்க வந்ததே இனிமேல்தான் வருகிறது.

போன வாரம் பெய்த மழையில் காய் ஒரேயடியாக ஊதிவிட்டது. மழை விட்ட காலையில் அடியில் கை விட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஜூலையில் வராத அழுகையெல்லாம் அன்று வந்தது. அழுது முடித்துவிட்டு எழுந்து தேன்மெழுகை உருக்கினேன்; சொரசொரப்பு வர அடுப்புச் சாம்பலும், நிறத்துக்குக் காபித் தூளும் கலந்தேன். உங்கள் நடுவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. ஏரியில் உங்கள் எடைதான் கண்டுபிடித்தது.

ஆமாம், கிளைட், விரிசலை அடைத்தது நான்தான். பரிசுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போங்கள். இந்த வருடம் நான் செய்த பாவம் இது ஒன்றுதான், ஆனால் லேசானதல்ல. லோர்ன் மட்டும் உயிரோடு இருந்திருந்தால், இதற்காக என் முகத்திலேயே விழித்திருக்க மாட்டார்.