பூமிளகின் மேல் போட்ட பழி

கஷாயம் காய்ச்ச மண்சட்டிதான் நல்லது, ஐயா. உங்கள் வீட்டம்மா இரும்புச் சட்டியில் காய்ச்சுகிறார் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மருந்தின் குணமே மாறிவிடும். லெஷானில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நூடுல்ஸ் கடைக்காரி நான் சொன்னால் மட்டும் தப்பா?

"நாள் முழுக்கக் கடையில பூமிளகை ருசி பார்த்து அந்தம்மாவுக்கு நாக்கே செத்துப்போச்சு. பாவம், தெரியாம நடந்த சாவு" என்று நேற்று உங்கள் ஆளிடம் சொன்னீர்கள். இரக்கப்பட்டுத்தான் சொன்னீர்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் இந்த சூச்சினின் நாக்கைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் கடையை அடைத்துவிட்டு நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

குளிர்காலம் வந்தால் என் தம்பி ஜியான்போவுக்குக் கைகால் ஜில்லிட்டு மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். வைத்தியர் ஓயாங்கிடம் கூட்டிப்போனது நான்தான். அவர் எதிலும் அவசரப்படாத மனிதர். தம்பி ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையைக் காட்டச் சொன்னார். ஆஸ்பத்திரி டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னார். அதற்குப் பிறகுதான், அதுவும் குறைந்த அளவில், மருந்தைத் தொடங்கினார். அதில் நாபி என்ற விஷக் கிழங்கு இருந்தது. பதப்படுத்தியதுதான், என்றாலும் நாபி நாபிதானே.

"சூச்சின், இதை மட்டும் முதல்ல தனியாப் போட்டு நல்லாக் கொதிக்க விடணும். ஒரு துண்டை நாக்குல வச்சுப் பாரு. மரத்துச்சுன்னா விஷம் இன்னும் போகலைன்னு அர்த்தம். மரக்காம இருந்தாத்தான் மத்த சரக்கைப் போடணும்" என்றார் வைத்தியர். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "குடிச்சப்புறம் உதடோ நாக்கோ மரத்தா அப்படியே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. மருந்து முடியறவரைக்கும் பூமிளகைத் தொடாதே. அதுவும் நாக்கை மரக்க வைக்கும். எது எதனாலன்னு தெரியாமப் போயிடும்."

"பூமிளகு இல்லாம ஒரு சாப்பாடா? அதுக்கு மூட்டுவலியே தேவலாம் வைத்தியரே" என்று தம்பி சிரித்தான்.

மருந்துக்கு வலி கேட்டது. கேட்காமல் இருக்குமா, காய்ச்சியது நானாயிற்றே. தம்பி தானாகப் படியிறங்கினான், கடையில் மேஜை துடைத்தான், வருகிறவர்களிடம் வம்பளந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான், சியாமெனில் இருக்கும் யுன்ஷு என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விடப் போவதாகச் சொன்னான்.

"அங்க குளிரே கிடையாதாம்க்கா. எனக்கு மருந்தே வேண்டியிருக்காது."

"அப்போ நான்?"

"நீ கடையை விட்டுட்டு ஒருநாள் இருப்பியா? புத்தாண்டுக்கு ஓடி வந்துடறேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்காகத்தான் நான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். குத்திக்காட்டவில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மற்ற சரக்குகளைக் கொஞ்சம் சீக்கிரமே சட்டியில் போட்டேன். அதற்கு முன்னால் கிழங்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மரத்தது. நன்றாகவே தெரிந்தது, ஐயா. அன்றைக்கே அவனுக்குப் பிடித்த தோஃபு செய்து, பூமிளகை அள்ளிப் போட்டேன்.

"வைத்தியர் திட்டுவாரேக்கா?"

"சொன்னாத்தானே திட்டுவார்? பேசாம சாப்பிடுடா."

உதடு மரத்தால் மிளகு என்று நினைத்துக்கொண்டான். தலை சுற்றினால் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்தான். பயணம் தள்ளிப்போயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டேன். அந்த நாட்களில் நாங்கள் எவ்வளவு சிரித்தோம் தெரியுமா? தேறுவான், தேறியதும் சியாமென் பேச்சை எடுப்பான், நான் மறுபடி சமையலறைக்குப் போவேன். ஒருமுறைகூட எனக்குக் கைப்பக்குவம் தப்பவில்லை. இதைப் போய் தெரியாமல் நடந்தது என்கிறீர்களே.

கடைசியில் என்னிடம் சொல்லாமலே ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். காலையில் அதைக் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த களையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளைதான். நான் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அன்று கிழங்கை வெந்நீரில் காட்டியதோடு சரி. வயிறு மந்தமாக இருக்கிறது, வெறும் கஞ்சி போதும் என்றான். உப்புகூடப் போடாமல் கொடுத்தேன்.

கஷாயத்தைப் பாதி குடித்தவன் நிறுத்தினான்.

"அக்கா, நாக்கு ஒரேயடியா மரக்குது. கஞ்சியில மிளகு போட்டியா?"

வைத்தியர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை, ஐயா. ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

"ஒரு சிட்டிகை போட்டேன்டா. குடி."

மீதியையும் குடித்தான். என் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.