கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். அறை சின்னதுதான். மண்வெட்டி, தண்ணீர்க் குழாய், தார்ப்பாய், சமன் செய்யும் கட்டை எல்லாம் போக, எனக்கும் விருந்தாளி ஒருவருக்கும் இடம் மிஞ்சும். மின்விசிறி சத்தம் மட்டும் போடும். டீ சொல்லியிருக்கிறேன், வந்துவிடும்.

நீளம் தாண்டும் போட்டிக்கான மணல் குழி என் பொறுப்பு. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்பார்கள். விளையாட்டரங்கில் மணல் கிளறுகிறேன் என்பேன். அதற்கு அடுத்த கேள்வி எவரிடமும் இருக்காது. பந்தியில் இடம் பிடிக்க எழுந்துவிடுவார்கள். அப்போதுதான் சாவகாசமாக, இன்னார் என் அக்கா புருஷன் என்று எடுத்து விடுவேன். எழுந்தவர் மறுபடி உட்காருவார். யாரு, அந்த லாங் ஜம்ப்காரரா என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொள்வார். அந்த நிமிடம் எனக்குப் பிடிக்கும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அத்தான் இதே குழியில்தான் அந்தத் தாண்டலைத் தாண்டினார். அப்போது எனக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது மீசை நரைத்துவிட்டது, சாதனை அப்படியே இருந்தது. அவர் குதிகால் பட்ட இடத்துக்கு நேராக, குழியின் ஓரச் சிமெண்டில் நான்தான் வெள்ளைக் கோடு போட்டு வைத்தேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புது வண்ணம் அடிப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் ஒருத்தியைத் தாண்டும் பலகையில் நிறுத்துவேன், ஒருத்தனைக் கோட்டில் நிறுத்துவேன். நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

கேண்டீனில் கல்லாவில் உட்காரும் அம்மா வேறு கட்சி. அந்த அம்மாவுக்குப் பொழுது போக வேண்டும் என்றால் என்னைச் சீண்டினால் போதும்.

"இப்ப இருக்கறவங்கதாண்ணே எல்லாக் காலத்துக்கும் டாப்பு. நூறு வருஷம் கழிச்சும் இவங்க பேருதான் நிக்கும்."

"அந்த ஷூவைக் கழட்டிட்டுத் தாண்டச் சொல்லும்மா, அப்புறம் பேசலாம்" என்றேன்.

"உங்க அத்தான் காலத்துல போட்டிக்கு வந்ததே நாலு பேருதானாமே. அதுல ஒருத்தருக்குக் காய்ச்சலாம்."

கேண்டீன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை, டீ சரியில்லை.

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒருவன் சாதனை செய்கிறான். படம் வருகிறது, பட்டாசு வெடிக்கிறது. அடுத்த வருடம் இன்னொருவன் அதைத் தூக்கிச் சாப்பிடுகிறான். போன வருடத்தவன் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தெரியும், இருக்காது. உலகத்திலேயே பெரியவன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பெயர் கொஞ்ச காலம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். வேகவேகமாக அழித்து எழுதிக்கொண்டே இருந்தால் யார்தான் நிற்பார்கள்? எனக்கு அந்தக் கவலை நிறைய உண்டு.

அத்தானுக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "மாப்ளே, அந்தக் கோட்டை அழிச்சுத் தொலைடா" என்பார். "கடைக்கு வர்றவன் கண்ணாடி வாங்குறானோ இல்லையோ, அந்த ஜம்ப்பைப் பத்தி அரை மணி நேரம் அறுக்குறான். எவனாவது தாண்டித் தொலைச்சா நிம்மதியா வியாபாரம் பண்ணுவேன்." பெரிய மனிதர்கள் அடக்கமாகத்தான் பேசுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நாம்தான் விவரமில்லாதவர்கள்.

பிறகு அந்தப் பையன் வந்தான். பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் வெட்டுக்கிளி. பொருத்தமான பெயர்தான், உடம்பு முழுக்கக் கால். அவனே ஒருநாள் அத்தான் கடைக்குப் போய், தாண்டுவதற்கு முந்தின அடியை எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறான். அத்தான் கடையைப் பாதி அடைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நடந்து காட்டியிருக்கிறார். எனக்கு ஒருநாளும் அவர் நடந்து காட்டியதில்லை. நான் கேட்டதில்லை என்பதும் உண்மை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அக்கா வீட்டுக்கு வர ஆரம்பித்தான். நல்ல பையன். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். சோபாவில் ஜன்னல் பக்கம் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருவான், என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்வான். அக்காதான், "நீ உக்காருப்பா, அவன் எங்கியாவது உக்காந்துக்குவான்" என்பாள். எனக்குப் பொறாமை என்று இப்போது சொல்கிறாளாம். இந்த வயதில் ஒரு மனிதன் சோபாவுக்கா பொறாமைப்படுவான்? ஜன்னல் பக்கம் காற்று வரும், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உடை மாற்றும் அறைக்குப் போகிற நடைபாதைக்குப் புதுக் கல் பதித்தார்கள். பழைய கல்லில் நாலு மிஞ்சியது. இதோ, இந்தக் கதவுக்குப் பின்னால்தான் சாத்தி வைத்திருந்தேன். தினமும் காலில் இடிக்கும். ஒருநாள் குழியைக் கிளறும்போது, அந்த நாலையும் வரிசையாக வைத்தால் குழியின் அகலத்துக்குக் கச்சிதமாக இருக்குமே என்று தோன்றியது. வைத்துப் பார்த்தேன், இருந்தது. அத்தான் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, நாலு விரல் ஆழத்தில் வைத்து, மேலே மணலைப் பரப்பினேன்.

யாருக்கும் ஆபத்து வரக் கூடாது என்று கண்ணும் கருத்துமாகத்தான் செய்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் மணல் பஞ்சு மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் தலைகீழாக விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள். தாண்டியவர்கள் எல்லோரும் அந்தக் கல்லின் மேல் நடந்துதான் வெளியே போனார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்டுக்கிளியும் பயிற்சியில் எத்தனையோ தடவை நடந்து போனான். மேலிருந்து குதிகாலோடு அங்கே வந்து இறங்க ஒரே வழி, அத்தானைத் தாண்டுவது. அதைச் செய்யச் சொல்லி நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

இறுதிப் போட்டிக்கு அதிகாரிகள் வந்தார்கள். காற்றை அளந்தார்கள், பலகையைத் தடவினார்கள், ஷூவைத் திருப்பிப் பார்த்தார்கள். மணலை யாரும் குத்திப் பார்க்கவில்லை. மணல் என்றால் எல்லோருக்கும் இளக்காரம், கல்யாண வீட்டுக் கதையை முதலிலேயே சொன்னேன் இல்லையா. ஒவ்வொருவர் தாண்டிய பிறகும் நான்தான் கட்டையை இழுத்துச் சமன் செய்தேன். வெட்டுக்கிளி தன் கடைசி முறைக்குப் போகும் வழியில் என் பக்கம் வந்தான்.

"மாமா, மணல் நல்லா இருக்கா?"

"உனக்குன்னே கிளறி வச்சிருக்கேன், போ" என்றேன்.

அவ்வளவு அழகான தாண்டலை நான் பார்த்ததில்லை. அத்தானுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எனக்கு ஓரவஞ்சனை கிடையாது. அந்தரத்தில் நடந்து வந்தான். மணலில் இறங்கினால் பொத்தென்று கேட்கும். இது வேறு மாதிரி கேட்டது. இரண்டு குதிகாலும் நொறுங்கி, முதுகெலும்பிலும் சேதம் என்று பிறகு சொன்னார்கள். கூட்டத்துக்கு அது கேட்கவில்லை, எழுந்து நின்று ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் அத்தான் இரண்டு கையையும் தூக்கியபடி அழுதுகொண்டிருந்தார். பாவம், இத்தனை வருடப் பெருமை போன துக்கம் என்று நினைத்தேன்.

முதலில் அவனிடம் ஓடியது நான்தான். தோளைத் தாங்கிப் பிடித்தேன். அதிகாரிகள் கைகால் ஓடாமல் நின்றார்கள். தூக்குவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள் சார் என்று நான்தான் நினைவுபடுத்தினேன். அந்தப் பதற்றத்தில் தடம் கலைந்திருந்தால் பையனுடைய சாதனை காற்றோடு போயிருக்கும். அளந்தார்கள். ஸ்ட்ரெச்சர் போன பிறகு கட்டையை எடுத்துச் சமன் செய்தேன். அது என் வேலை.

மணலுக்குள் கல் இருந்தது என்று அவன் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டே இருந்தானாம். வலி மருந்தில் உளறுகிறான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் மட்டும் நம்பியிருக்கிறார். கடையைச் சாத்திவிட்டு அவன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லித்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வருத்தம் எதுவும் இல்லை. நேரே என்னிடமே கேட்டிருக்கலாம். அக்கா மட்டும் ஒரு தடவை போனில் பேசினாள். "அவரு சந்தோஷத்துலடா அழுதாரு, பாவி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அது கொஞ்சம் உறுத்தியது, மறைக்க மாட்டேன். இரண்டு நாள் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நடந்து நடந்து யோசித்ததில், நான் நினைத்தது தப்பு என்று புரிந்தது. கேண்டீன் அம்மா சொன்னதுதான் சரி. இந்தக் காலத்து ஆள்தான் பெரியவன். போய் அந்த அம்மாவிடமே தோற்றதை ஒப்புக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார்கள்.

பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். புதுக் கோடு போட்டிருக்கிறேன், வெளியே போய்ப் பாருங்கள், வண்ணம் பளிச்சென்று இருக்கும். இப்போது வருகிற பிள்ளைகளிடம் வெட்டுக்கிளியைப் பற்றித்தான் சொல்கிறேன். கடைசித் தாண்டல், அதோடு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லும்போது சில பிள்ளைகள் அழுகிறார்கள். அத்தானுக்காக யாரும் அழுததில்லை. இந்தப் பெயர் நிற்கும் என்று எனக்குப் பட்டது. கல்யாண வீட்டில் போன வாரம் ஒருவர் என்னைப் பந்திக்கே போக விடவில்லை. நீங்களா அவரைத் தாங்கிப் பிடிச்சது என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

டீ வந்துவிட்டது, ஆறுவதற்குள் குடியுங்கள். மண்வெட்டி வேண்டும் என்றால் அது மூலையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாலு கல்லைப் பழைய இடத்தில் தேடி வீணாகக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். புதுக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். அந்தப் பிள்ளை அவ்வளவு கஷ்டப்பட்டுத் தாண்டியிருக்கிறான், அவனுக்கு நான் இதுகூடச் செய்யாமல் இருக்க முடியுமா?