எலியோவின் ஹார்ட் டிஸ்க்

பழைய ஹார்ட் டிஸ்கைப் புதிய கம்ப்யூட்டரோடு சேர்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, கேப்டன். ஒரு அடாப்டர் போதும். இலோயிலோவில் எந்தக் கடையிலும் பத்து நிமிட வேலை. எனக்கு மட்டும் பதினோரு மாதம் பிடித்தது. ஊர்த் தலைவர் நீங்களே இந்தப் பாரங்காய்ப் பஞ்சாயத்தில் உட்காரவைத்துக் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அக்கா முறையில் நான் மனாங் என்று கூப்பிடும் செலெரினா அந்த டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றி என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத மகன் எலியோ, கிளம்பும் முன் அம்மாவுக்காகப் பேசிப் பதிந்துவைத்தது அதில் இருந்தது. கேட்பதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனது.

"தோதோ, எனக்குக் காது போய்க்கிட்டே இருக்குடா. ஒரு வருஷம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை அவன் குரலைக் கேட்டுட்டா போதும்" என்றார்.

டிஸ்கின் பின்புறம், ஊசிகள் மேல், ஜம்பர் என்று அரிசியளவு மூடி ஒன்று இருக்கும். அது இடம் மாறியிருந்தால் டிஸ்க் சுழலும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அன்று அப்படித்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை, தொழிலில் சகஜம். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னேன். அவர் போன பிறகு மாற்றிப் பார்த்தேன். எல்லாம் வந்துவிட்டது, குரல் உட்பட.

சனிக்கிழமை பிபிங்கா அரிசிக் கேக் சுட்டு எடுத்துவந்தார். சாப்பிட்டாயா, ஏன் இப்படி இளைத்துப்போயிருக்கிறாய் என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கு வருவார்? ஜம்பரைப் பழைய தப்பான இடத்திலேயே மாட்டினேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. டிஸ்கில் இருந்த எலியோவின் புகைப்படங்களில் மாதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கிழட்டு டிஸ்க் முரண்டு பிடிக்கிறது என்பேன், சிரிப்பார். மார்ச்சில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஜூனில் கத்த வேண்டியிருந்தது. காசு வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ஒருநாள் கடை வாசலில் ஜீப்னி வண்டியின் ஹாரன் அலறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றுதான் குரலைப் போட்டேன், முழுச் சத்தத்தில்.

அவர் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "அதிருது தோதோ. பேசுறான்ல? என்ன சொல்றான்?"

எலியோ சொன்னது இது: "அம்மா, நான் வர்ற வரைக்கும் தனியா கிடக்காதீங்க. பாகோலோடுல சித்தி வீட்டுக்குப் போயிடுங்க."

நான் தாளில் எழுதிக் கொடுத்தேன்: "அம்மா, எங்கயும் போயிடாதீங்க. இங்கேயே இருங்க."

தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டிஸ்கை வீட்டுக்கு எடுத்துப்போனார். போன வாரம் பாகோலோடுக்குக் கூட்டிப்போக வந்த தங்கையிடம் அந்தத் தாளைக் காட்டி, வரமாட்டேன் என்றிருக்கிறார். தங்கை டிஸ்கை எதிர்க்கடையில் கொடுத்து எலியோ பேசியதைக் கேட்டுவிட்டாள்.

கையெழுத்து என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெற்றவளை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவைக்க எந்த மகனுக்கு மனசு வரும், கேப்டன்? எலியோவுக்குத்தான் அவர்மேல் பாசம் போதவில்லை.