மாடு படுத்த குழி

தெமோதரை ஸ்டேஷனில் டிக்கெட் வரிசை. எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர்.

“எங்க மாடு படுத்த எடத்தை தொரை தொட்டுக் கும்பிடாத கொறைதான் அக்கா!” என்றாள் இளையவள்.

“ஏன்டி?”

“தொரைமார் கோல்ப் அடிக்க எங்க புல்மேட்டைக் கேட்டாங்க. மாட்டையெல்லாம் வெரட்டிருவாங்கன்னு அழுதுகிட்டு கெடந்தோம். சீமையில கடலோர மணல்மேட்டுல கோல்ப் மைதானம் போடுற தொரை ஒருத்தர் எடம் பாக்க வந்தாரு. காத்துக்கு ஒதுங்கி எங்க மாடு படுத்துப் படுத்து ஒரு குழி விழுந்திருக்குல்ல, அதைப் பாத்துட்டாரு. ‘எங்க ஊர்ல ஆடுங்க படுத்த குழியும் இப்படித்தான் இருக்கும். பந்து விழுந்து மாட்டிக்க இதைவிட நல்ல குழி வெட்ட முடியாது. மாடு இங்கயே இருக்கட்டும்’னுட்டாரு.”

“அப்ப கங்காணி மாடு?”

“அதுவும் ஒரு குழி போட்டாத்தான் மேய விடுவாங்களாம். அது நின்னுகிட்டே மேயுது. கங்காணிதான் பக்கத்துல படுத்துப் படுத்துக் காட்டுறாரு.”