பொட்டு வைத்த டிஸ்க்

பஸ்ஸில் தூங்குவதுபோல் நடித்து ஒட்டுக் கேட்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. குறட்டை மட்டும் இன்னும் இயல்பாக வரவில்லை. திருமயம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் அக்காவும், அங்கே சர்வர் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்த தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சந்தனம்தான்க்கா நம்மளக் காப்பாத்துச்சு" என்றார் தம்பி.

என் பொய்த் தூக்கம் கலைந்தது.

"காலையில ஒரு ஃபைலும் தெறக்கலன்னதும் ஒடனே ஒனக்குத்தான் போன் போட்டேன் தம்பி. பன்னெண்டாவது பிள்ளைங்க விவரம் பூரா அதுலதான். இன்னைக்குள்ள பரீட்சை ஆபீசுக்கு அனுப்பியாகணும்னு இருந்துச்சு."

"ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே விவரம்தான். பழசு போயிருச்சுன்னு ஸ்கிரீன்ல காட்டுது. எது பழசுன்னு தெரியல, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. நல்லத உருவியிருந்தா எல்லாம் போயிருக்கும்."

"பொறவு எப்புடிக் கண்டுபுடிச்ச?"

"ஒண்ணுல மட்டும் காஞ்ச சந்தனப் பொட்டு. ஆயுத பூசைக்கு நீங்க வச்சது. இன்னொண்ணு தீபாவளிக்கு அப்புறம் நான் மாட்டினது. அப்பப் பொட்டு வச்சதுதான பழசு?"

"அன்னைக்கு மிஷினுக்கு எதுக்குக்கா பொட்டுன்னு என்னைய வஞ்சியே."

"தப்புத்தான்க்கா."

"விடு. ஒன்னால எல்லாப் பிள்ளைங்க விவரமும் போய்ச் சேந்துருச்சு, நல்லா இருப்ப. பழசுக்குப் பதிலா இன்னைக்கு நீ மாட்டின புது டிஸ்க்குக்கும் நாளைக்கு ஒரு பொட்டு வச்சிர்றேன்."

"நானே குங்குமம் வச்சுட்டுத்தான்க்கா வந்தேன்."

சிரித்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தார். அவசரமாக ஒரு குறட்டை விட்டேன். என்றும் இல்லாத அளவுக்கு இயல்பாக வந்தது.